தீவனம் இல்லாத மாதங்கள்: கணினி விளையாட்டிலும் தாம்பரத்து மாட்டுத் தொழுவத்திலும்

புல் வளராத பருவத்தில் கால்நடைகளைக் காப்பாற்றுவதற்காக, புல் வளரும் பருவத்திலேயே தீவனத்தைச் சேர்த்து வைப்பது உழவர்களின் பழைய வழக்கம். குளிர்நாடுகளில் இந்தப் பஞ்ச பருவம் பனிக்காலத்தில் வருகிறது. நம் பகுதியில் அது கோடையில் வருகிறது. பருவம் வேறானாலும் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கை இன்றைய மாணவர்களில் பலர் முதன்முதலாகச் சந்திப்பது தொழுவத்தில் அல்ல, கணினித் திரையில். எனவே இக்கட்டுரை திரையிலிருந்தே தொடங்குகிறது.

விளையாட்டில் குளிர்காலம்

ரிம்வேர்ல்டு என்பது கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டரின் லூடியான் ஸ்டூடியோஸ் நிறுவனம் உருவாக்கிய குடியேற்ற விளையாட்டு. சோதனைப் பதிப்புகளாகப் பல ஆண்டுகள் வெளிவந்து, 2018 அக்டோபரில் முழுமையான பதிப்பாக வந்தது. முன்பின் தெரியாத ஒரு கோளில் சிக்கிக்கொண்ட சிலர் வீடு கட்டி, பயிர் செய்து, விலங்கு வளர்த்துப் பிழைக்க வேண்டும். ஆட்டக்காரர் அவர்களுக்கு வேலைகளைப் பகிர்ந்து கொடுக்கிறார்.

விளையாட்டின் ஓர் ஆண்டுக்கு 60 நாள். 15 நாள் வீதம் நான்கு பருவம். குடியேறும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே ஆண்டில் எத்தனை நாள் பயிர் வளரும் என்று திரை சொல்லிவிடுகிறது. வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். 60 நாளில் 30 நாள் மட்டுமே பயிர் வளரும் இடத்தைத் தேர்ந்தால், மீதி 30 நாளுக்கும் மாடு, ஆடு, குதிரை எல்லாம் சேமிப்பிலிருந்துதான் தின்ன வேண்டும். அதற்கென்றே தீவனப்புல் என்று தனிப் பயிர் உண்டு. அதை அறுத்து, கூரையுள்ள இடத்தில் அடுக்க வேண்டும். வெட்டவெளியில் போட்டால் நாளுக்கு நாள் வீணாகும். நாய் போன்ற ஊனுண்ணிகள் அதைத் தின்னாது; அவற்றுக்கு இறைச்சியும் தானியமும் சேர்த்துத் தனித் தீவனம் செய்து கொடுக்கலாம்.

2021இல் வந்த 1.3 பதிப்பு ஒரு நல்ல வசதியைச் சேர்த்தது. பட்டி அமைத்து அதில் ஓர் அடையாளக் கம்பத்தை நட்டால், அந்தப் பட்டிக்குள் நாளொன்றுக்கு எவ்வளவு புல் வளரும், உள்ளே இருக்கும் விலங்குகள் எவ்வளவு தின்னும் என்ற இரண்டு எண்களும் அருகருகே தெரியும். ஓர் இனத்தில் இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று உச்சவரம்பு குறித்து, மிகுதியைத் தானாகக் கழிக்கவும் வழி உண்டு.

என் பேரனின் முதல் குடியேற்றம் இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் அழிந்தது. கோடையில் மேய்ச்சல் நிலம் பச்சையாக இருந்தது. வணிகர் வந்தபோதெல்லாம் மாடு வாங்கினான், கன்றுகளும் பிறந்தன. பனி விழுந்த பிறகு வைக்கோல் இருப்பைப் பார்த்தால் சில நாளுக்குத்தான் வந்தது. "தாத்தா, மாடெல்லாம் செத்துப்போச்சு, குளிர் ரொம்ப அதிகம்" என்றான். குளிரினால் சாகவில்லை, நீ கோடையில் வாங்கிய மாட்டினால் செத்தன என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரின் ‘குளிர்காலம்’ எது?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், வண்டலூர் ஆகியவை பழைய செங்கல்பட்டுச் சீமையின் பகுதிகள். ஏரிப்பாசன நாடு. சென்னை வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே ஐப்பசி தொடங்கி மாசி வரை வரப்பிலும் ஏரிக்கரையிலும் புல் இருக்கும். பங்குனியில் காயத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும் நிலைதான். ஆடி வாக்கில் மாலை இடிமழை பெய்த பிறகே மறுபடி பச்சை தலைகாட்டும். மார்ச் நடுவிலிருந்து ஜூலை நடுவரை ஏறத்தாழ 120 நாள் நம் மாடுகளுக்குப் பனிக்காலம்.

இயற்கை இதில் ஓர் உதவியும் செய்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் நெல் மூன்று போகமாகப் பயிராகும். சம்பா தை மாதத்தில் அறுவடை. நவரை மார்கழி, தையில் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் அறுவடை. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி ஆடி, ஆவணியில் அறுவடை. இவற்றில் நவரை வைக்கோல்தான் கால்நடைக்கு வாய்ப்பானது. புல் தீரும் நேரத்தில் களத்துக்கு வருகிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்து பொன்னிறமாகப் போரில் ஏறுகிறது. சொர்ணவாரி வைக்கோல் பல ஆண்டுகளில் மழையில் நனைந்துவிடும்.

ஒரு தொழுவத்தின் கணக்கு

மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். 400 கிலோ எடையுள்ள ஒரு கறவைப் பசு நாளொன்றுக்குத் தன் எடையில் 2.5 முதல் 3 விழுக்காடு வரை உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்பது தீவனத்திலிருந்து நீரை முழுதும் நீக்கினால் மிஞ்சுவது. அப்படிப் பார்த்தால் பசுவுக்கு 10 முதல் 12 கிலோ. இதில் மூன்றில் இரு பங்கு புல், வைக்கோல், தழை போன்ற நார்த்தீவனமாகவும், ஒரு பங்கு தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனமாகவும் இருப்பது நலம்.

பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். வைக்கோலில் பத்தில் ஒரு பங்குதான் நீர். எனவே 10 கிலோ பசும்புல் 2 கிலோ உலர்பொருளைத்தான் தரும்; 6 கிலோ வைக்கோல் 5.4 கிலோ தரும். கட்டு பெரிதாக இருக்கிறதே என்று பசும்புல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இரண்டு பசுவும் ஒரு கிடாரிக் கன்றும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். பசுவுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ, கன்றுக்கு 3 கிலோ வைக்கோல் என்றால் நாளுக்கு 15 கிலோ. 120 நாளுக்கு 1,800 கிலோ. மிதித்தும் நனைந்தும் எலி கடித்தும் ஏழில் ஒரு பங்கு போகும் என்று வைத்தால் 2,100 கிலோ சேர்க்க வேண்டும். நெல்லின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடையில் வைக்கோல் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. நல்ல விளைச்சல் வந்த ஓர் ஏக்கரின் வைக்கோல் இந்த வீட்டுக்குச் சரியாகப் போகும்.

நான்காவதாக இன்னொரு பசு வாங்கினால், அதற்கு மட்டும் இன்னும் 840 கிலோ வேண்டும். வாங்கும் நாளில் எவரும் இந்த எண்ணைக் கேட்பதில்லை. எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.

அப்பா வாங்கிய கிடாரி

1970களில் எங்கள் வீட்டில் இரண்டு எருமையும் ஒரு பசுவும் இருந்தன. ஒரு தை மாதத்தில், பொங்கல் முடிந்த கையோடு, அப்பா ஒரு நல்ல கிடாரியைக் குறைந்த விலைக்குப் பிடித்து வந்தார். விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. விற்றவரிடம் வைக்கோல் இல்லை. அந்த ஆண்டு ஏரியில் தண்ணீர் குறைவு. பலர் நவரை வைக்கவே இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் தை மாதத்தில் வரப்பெல்லாம் பச்சையாக இருந்தபோது கோடை வெகு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியிருக்கிறது.

சித்திரை பிறந்து பத்து நாளில் எங்கள் போர் தரையோடு தரையாகிவிட்டது. பனையோலை, வேப்பந்தழை, வாழைப்பட்டை எல்லாம் போட்டுப் பார்த்தோம். வைக்கோல் விலைக்குத் தேடினால் ஊரே தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் சினையாக இருந்த எருமையை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றார்கள். தை மாதத்தில் அதையே விற்றிருந்தால் முழு விலை வந்திருக்கும். பஞ்சம் வந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் விற்க வருவார்கள். வாங்க ஆள் இருக்காது. அம்மா அதன் பிறகு பல நாள் எருமை கட்டியிருந்த முளையைப் பிடுங்கவிடவில்லை.

கன்று ஈனாத மாடு, பல் தேய்ந்த கிழம், தேவைக்கு மேற்பட்ட காளைக்கன்று ஆகியவற்றைக் குறைப்பதென்றால் அதற்கு உரிய காலம் அறுவடை முடிந்து போர் போட்ட அன்றுதான். ஐரோப்பிய உழவர்களும் அப்படித்தான் செய்தார்கள். குளிர் வருமுன் நவம்பரில் வளர்க்க முடியாத விலங்குகளைக் கழித்துவிடுவது அங்கே பழைய வழக்கம். பழைய ஆங்கிலத்தில் அந்த மாதத்துக்கே ‘பலி மாதம்’ என்ற பொருளில் பெயர் இருந்தது.

இந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதன் கொடிய வடிவத்தை மங்கோலியாவில் காணலாம். கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும் கடுங்குளிர் ஆண்டை அவர்கள் ட்சூட் என்கிறார்கள். 2009–10 குளிர்காலத்தில் அங்கே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. குளிர் கடுமையானதுதான். ஆனால் அதற்கு முந்தைய கோடை வறண்டிருந்தால் அது பெரும்பாலும் பேரழிவாகிறது. கோடையில் உடம்பில் கொழுப்புச் சேராத ஆடு, சேமித்த புல்லும் குறைவாக உள்ள நிலையில், பனிக்கு அடியில் இருக்கும் புல்லைக் கிளறித் தின்னும் வலு இல்லாமல் விழுகிறது.

வயிறு நிறைந்தும் பட்டினி

விளையாட்டில் வைக்கோல் போதுமான அளவு இருந்தால் மாடு நலமாக இருக்கும். உண்மையில் அப்படி இல்லை. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 விழுக்காடுதான். மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நாரைச் செரிப்பவை அவையே, மாடு அல்ல. அந்த நுண்ணுயிரிகள் பெருகுவதற்குத் தீவனத்தில் 7 விழுக்காடு அளவுக்காவது புரதம் வேண்டும். அதற்குக் குறைந்தால் வைக்கோல் வயிற்றிலேயே தங்கும், செரிக்காது, அடுத்த வேளை பசியும் எடுக்காது. போர் நிறைய வைக்கோல் இருக்கும். மாடு இளைத்துக்கொண்டே போகும். வைக்கோலில் உயிர்ச்சத்து ஏ உருவாவதற்கான கரோட்டின் சத்தும் இல்லை. மாதக்கணக்கில் வைக்கோல் மட்டும் தின்ற சினைப்பசு கண்பார்வை குன்றிய கன்றை ஈனக்கூடும்.

நம் பெரியவர்கள் கோடையில் அகத்தியும் கல்யாண முருங்கையும் ஒடித்துப் போட்டதன் பயன் இதுதான். மரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதால் புல் காய்ந்த பிறகும் தழை இருக்கும். தழையில் புரதம் மிகுதி. சவுண்டல் என்னும் சுபாபுல்லும் நல்ல தழையே. ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. இரண்டு பசு வைத்திருக்கும் வீட்டுக்கு வேலியோரம் பத்துப் பன்னிரண்டு அகத்தி இருந்தால் கோடையில் பெருந்துணை.

தழையும் பிண்ணாக்கும் இல்லாதவர்களுக்கு வைக்கோலையே வளப்படுத்தும் முறை ஒன்று உண்டு. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுதும் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். யூரியாவிலிருந்து வரும் அமோனியா நாரை இளக்கும். புரத அளவும் ஏறக்குறைய இரு மடங்காகும். பிரித்த பிறகு நெடி போகும்வரை சிறிது ஆறவிட்டுப் போடலாம். அளவைக் கூட்டக் கூடாது. யூரியாக் கரைசலை மாடு நேரே குடித்தால் உயிர் போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், அசைபோடாத விலங்குக்கும் இந்த வைக்கோல் ஆகாது.

சேமிப்பதில் இருக்கும் நுட்பம்

வைக்கோல் போர் போடுவது ஒரு தொழில். தரையில் கல்லோ கட்டையோ பரப்பி, அதன்மேல் உதிரி வைக்கோலை வட்டமாக மிதித்து ஏற்றி, உச்சியைக் கூம்பாக்கி, மேல் வரிசையைச் சீராக வாரிவிடுவார்கள். மழைநீர் அந்த இழைகளின் வழியே வழிந்து ஓடிவிடும். உள்ளே ஒரு சாணுக்கு மேல் ஈரம் போகாது. எடுக்கும்போது மேலிருந்து எடுக்காமல் பக்கத்திலிருந்து பிடுங்க வேண்டும். இப்போது அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் நொறுங்கிவிடுகிறது. அதைச் சுருட்டும் இயந்திரம் உருளைக் கட்டுகளாக்கித் தருகிறது. உருளையை ஏற்றி இறக்குவது எளிது. ஆனால் அதற்குக் கூம்பு இல்லை. கூரை இல்லாமல் அடுக்கினால் நீர் நேரே நடுவுக்குப் போகும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்ததைப் பலரும் அறிவர். மாடு வைத்திருந்தவர்களுக்கு வெள்ளம் வடிந்த பிறகும் இன்னொரு தொல்லை இருந்தது. நனைந்த வைக்கோலை வெயில் கண்டதும் காயவைத்து மறுபடி போட்டார்கள். ஒருமுறை பூஞ்சை பிடித்த வைக்கோல் காய்ந்தாலும் பூஞ்சை நஞ்சு போகாது. கறுத்து, புழுங்கல் வாடை அடிக்கும் வைக்கோலை எருக்குழிக்கு அனுப்ப வேண்டியதுதான். மனம் வராது, ஆனால் வேறு வழி இல்லை.

பசுமையாகவே சேமிப்பது ஊறுகாய்ப்புல் முறை. சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றைப் பால்பிடிக்கும் பருவத்தில் வெட்டி, நறுக்கி, குழியிலோ தடித்த பையிலோ காற்றில்லாமல் மிதித்து மூடினால் புளித்து 45 நாளில் பக்குவமாகும். திறக்காதவரை பல மாதம் கெடாது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்திருப்பவர்கள் மழைக்கால மிகுதியை இப்படிச் சேமிக்கலாம். கோ–4 போன்ற வகைகள் நட்ட 75 நாளில் முதல் அறுப்புக்கும், பிறகு 45 நாளுக்கு ஒருமுறையும் வரும். அதில் சர்க்கரை குறைவு என்பதால் வெல்லப்பாகுக் கழிவு 2 விழுக்காடு அளவுக்குச் சேர்த்தால்தான் நன்றாகப் புளிக்கும்.

சோளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரில் ஐதரசன் சயனைடு சேரும். பசியோடு அதில் புகுந்த மாடு சில நிமிடங்களில் விழுந்துவிடும். பஞ்ச ஆண்டில் ‘பட்டுப்போன பயிரை மாடாவது தின்னட்டும்’ என்று திறந்துவிட்டு, மாட்டையும் இழந்தவர்கள் உண்டு. பூக்கும் பருவம் வரை காத்திருந்து அறுக்க வேண்டும்.

கொங்கு நாட்டுப் பட்டி

விளையாட்டின் பட்டிக் கம்பத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது தாம்பரம் அல்ல, கொங்கு நாடு. காங்கேயம் மாடுகளின் தாயகமான திருப்பூர், கரூர், ஈரோடு வட்டாரங்களில் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. அது ஊர்ப் பொதுநிலம் அல்ல; உழவரின் சொந்த நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். நிலத்தைப் பல பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றைத் தழைக்கவிடுவார்கள். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேல நெற்றுகள் உதிர்ந்து தீவனமாகும். இத்தனை நிலத்துக்கு இத்தனை மாடு என்பது அங்கே வழிவழி வந்த கணக்கு. எண்கள் திரையில் தெரியாது. மேய்ப்பவரின் கண்ணில் தெரியும்.

எங்கள் பக்கம் மேய்ச்சல் பெரும்பாலும் மேய்க்கால் புறம்போக்கிலும், ஏரி உள்வாயிலும், பள்ளிக்கரணைக் கழுவெளி ஓரத்திலும் நடந்தது. எல்லோருக்கும் பொதுவான இடம் என்பதால் கணக்கை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. மனைப்பிரிவுகள் வந்தபோது முதலில் மறைந்ததும் அதுவே.

புறநகரில் இன்று

மாடுகள் மட்டும் மறையவில்லை. வேளச்சேரி சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் இரவில் படுத்திருப்பவை ஊர் மாடுகள்தான். உரிமையாளர் உண்டு, கறவை உண்டு, மேய்ச்சல் மட்டும் இல்லை. குப்பைத்தொட்டியில் உணவு நெகிழிப்பையோடு கிடைக்கிறது. பை முதல் இரைப்பையில் தங்கிச் சுருண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இது மாட்டுக்காரரின் குறை மட்டும் அல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நாம் கருணையோடு செய்யும் ஒரு செயலையும் சொல்ல வேண்டும். மிஞ்சிய சோறு, பொங்கல், கல்யாண மண்டபத்துச் சாதம் ஆகியவற்றை வாளிநிறைய மாட்டுக்கு வைக்கிறோம். நார் தின்று பழகிய மாடு ஒரே நேரத்தில் மிகுதியாக மாவுப்பொருள் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, நீர்ச்சத்து இழந்து, ஓரிரு நாளில் இறந்துவிடலாம். பொங்கல் பண்டிகையை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரிப்பது வழக்கம். கைப்பிடி சோறு கெடுதல் செய்யாது. வாளிச் சோறு கொல்லும். கொடுக்க விரும்பினால் கீரைத்தண்டு, காலிஃபிளவர் தழை, முட்டைக்கோஸ் மேலிலை, வாழைத்தோல், பட்டாணித்தோல் ஆகியவற்றைப் பை இல்லாமல் தனியே வையுங்கள். காய்கறிக் கடைகளின் தழைக்கழிவைக் காலையிலேயே வாரிச் செல்லும் மாட்டுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோடையில் அவர்களின் பசுந்தீவனம் பெரும்பாலும் அதுதான்.

பசு வைத்திருப்போர் தீவனப்பயிர், ஊறுகாய்ப்புல், யூரியா முறை ஆகியவற்றை நேரில் கேட்டறிய, பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. போவதானால் தை, மாசியில் போவது நல்லது. சித்திரையில் போனால் எவ்வளவு குறைகிறது என்பதை மட்டுமே கணக்கிட முடியும்.

பேரன் இப்போது மூன்றாவது குடியேற்றம் நடத்துகிறான். பட்டியில் ஆறு மாடு. வணிகர் வந்து ஏழாவதைக் காட்டியபோது, முதலில் வைக்கோல் அறையைத் திறந்து பார்த்தான்.